இசைத்தட்டின் மேல் ஒரு விரல்

செய்தி எனக்குப் பஸ்ஸில்தான் வந்தது. திரியாய்க்கு வரும் காலைப் பஸ்ஸின் கண்டக்டர் எங்கள் படலைக்கு நேரே வண்டியை நிறுத்தச் சொல்லி, படியில் தொங்கியபடியே கூப்பிட்டான். "கிளாக்கர் ஐயா, உங்கட பாட்டுக்கார அண்ணர் நேற்று மோசம் போயிட்டார். இண்டைக்குப் பின்னேரம் எடுக்கினம். ஹமீது நானா சொல்லச் சொன்னவர்." செவ்வரத்தைக்கு ஊற்றக் கொண்டுவந்த தண்ணீர் என் கையில் இருந்தது. அதை எங்கே ஊற்றினேன் என்று எனக்குத் தெரியாது. பஸ் திரும்பி வரும்போது வேட்டி மாற்றிக்கொண்டு றோட்டில் நின்றேன்.

பிறகு பத்திரிகையிலும் ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். 'இறால் வடைப் பாட்டுப் புகழ் பொப் பாடகர் மரியநாயகம் காலமானார்.' வந்த ஆத்திரத்தில் பேப்பரைக் கசக்கி எறிந்தேன். பொப் பாடகராம்! அந்த மனிசன் பாடத் தொடங்கியபோது பொப் என்ற சொல்லே இந்த நாட்டுக்கு வந்திருக்கவில்லை. ஒரே ஒரு இசைத்தட்டு வெளிவந்தது, அதில் இருந்தது இறால் வடைப் பாட்டு, அவ்வளவும் உண்மைதான். ஆனால் அந்தத் தட்டுக்காக அவர் எதைக் கொடுத்தார், அதை ஏன் கொடுத்தார் என்று எழுத ஒருவனுக்கும் தெரியவில்லை. துறைமுகப் பக்கம் அவரோடு பழகிய உங்களில் சிலருக்குப் பாதிக் கதை தெரிந்திருக்கும். மீதியை நான் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். மரியநாயகம் அண்ணர் திருகோணமலை டொக்யாட்டில் கப்பலுக்குப் பெயின்ற் அடித்தவர். நான் பென்சன் எடுத்துத் திரியாய்க்கு வரும்வரை அங்கே களஞ்சியக் கிளாக்கர், கை சும்மா இருக்காதபடியால் டோல்க்கி தட்டுகிறவன். ஹமீது நானா கிண்ணியாக்காரர், தச்சு வேலை. அண்ணருடைய தம்பி செபமாலை இரண்டாம் குரல் பாடுவான். சுதந்திரம் கிடைத்த கையோடு நாங்கள் நாலு பேரும் கலியாண வீடுகளில் பாடத் தொடங்கினோம். ஊர் எங்களுக்கு 'டொக்யாட் செற்' என்று பெயர் வைத்தது.

அந்தக் காலத்திலேயே ஒரு கொம்பனி அண்ணரைத் தேடி வந்தது. கறுத்த, கனத்த, கீழே விழுந்தால் பீங்கான் மாதிரி உடையும் தட்டுகளின் காலம். வந்த ஏஜண்டு கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். ஒரு கலியாண வீட்டுப் பந்தலில் எங்களைக் கேட்டுவிட்டு, மூத்தவரின் குரல் மட்டும் வேண்டும் என்றார். இரண்டு குரல் வைத்தால் ஊசி தெளிவாக இழுக்காதாம். அண்ணர் இலையில் இருந்து தலையைத் தூக்கவே இல்லை. "அப்ப உங்கட ஊசி எங்களுக்குச் சரிவராது," என்றார். செபமாலைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணை, உனக்கென்ன விசரா? நீ போய்ப் பாடன். நான் எங்க ஓடப்போறன்?" என்று கத்தினான். "ஒரு மூச்சை ரெண்டாப் பிளக்க ஏலாதடா, சோத்தைத் தின்," என்றார் அண்ணர். ஏஜண்டு பாயாசம் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளைக்காரக் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுப் போன சமயம், அவர்களுடைய சாமான்களை ஏலத்தில் விட்டார்கள். கதிரை, மேசை, அலுமாரி என்று ஊரே அள்ளிக்கொண்டு வந்தபோது ஹமீது நானா ஒரு பழைய ஆர்மோனியப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். யாரோ இந்திய மாலுமி விட்டுப் போனதாக இருக்கவேண்டும். உப்புக்காற்றுத் தின்று முடித்த பெட்டி. ஒரு கட்டையை அமத்தினால் ஆடு கத்தும், அடுத்ததை அமத்தினால் அதன் குட்டி கத்தும். நானா அசரவில்லை. உள்ளே இருக்கும் பித்தளை நாக்குகளை அரத்தால் மெல்லச் சுரண்டினால் சுருதியை ஏற்றலாம், இறக்கலாம் என்றார். சரி, எந்தச் சத்தத்துக்குச் சேர்ப்பது? மாதா கோயிலில் வாசிக்கும் ஓகன் எலி கடித்துக் கிடந்தது. கடைசியில் நானாவே வழி சொன்னார். "இந்த ஊரில ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரிச் சத்தம் போடுற சாமான் ஒண்டுதான் இருக்கு. டொக்யாட் சங்கு."

கொதிகலனில் இருந்து நீராவியால் ஊதும் பெரிய ஊதலைத்தான் நாங்கள் சங்கு என்போம். வேலை விடும் பின்னேரச் சங்கு நீண்டு ஊதும், பிறகு நின்றுவிடும். நானா சுரண்டி முடிக்கும்வரை அது காத்திருக்குமா? ஆகவே அது நிற்கும் தறுவாயில் அண்ணர் அந்தச் சத்தத்தைத் தன் தொண்டையில் வாங்கிக்கொள்வார். 'ஆ' என்று பிடித்தபடி நிற்பார். மூச்சு முடியப்போகும்போது தம்பியின் தோளில் தட்டுவார். செபமாலை அதைக் கீழே விழாமல் எடுத்துக்கொள்வான். அவனுக்கு மூச்சு முடிய மறுபடி அண்ணர். நானா குனிந்து சுரண்டிக்கொண்டே இருப்பார். ஒருவர் விடுவதும் மற்றவர் வாங்குவதும் எந்த இடம் என்று பக்கத்தில் நின்ற எனக்கே தெரியாது. கிழமைக்கணக்காய் நடந்தது இந்தக் கூத்து. வழியால் போகிற பெண்கள் எட்டிப் பார்த்து, "என்ன, மாட்டுக்குச் சுகமில்லையோ?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அதுவே எங்கள் செற்றின் சுருதி ஆகிவிட்டது. அது சரியா பிழையா என்று எங்களில் ஒருவரும் யோசித்தது கிடையாது. நானாவின் பட்டறையில் பின்னேரம் கூடுவோம், சங்கு ஊதும், பாட்டைத் தொடங்குவோம். கடலுக்கு அப்பால் மூதூரில் பாடினாலும் அண்ணர் வாய் திறந்தால் சங்கின் சத்தத்தில்தான் வந்து நிற்பார்.

வெள்ளைக்காரன் போனதோடு டொக்யாட்டில் வேலையும் குறைந்தது. செபமாலைக்கு வேலை போய்விட்டது. தேயிலை ஏற்ற வந்த ஒரு கப்பலில் குசினியில் சமைக்க ஆள் வேண்டும் என்றார்கள். போனான். துறைமுக வாசலில் அண்ணர் அவனைக் கட்டிப்பிடித்து அழுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் அவனுடைய சேட்டுக் கொலரைச் சரிசெய்து, "குளிர்தண்ணி குடியாத, தொண்டை போயிடும்," என்றார், அவ்வளவுதான். முதலில் படம் போட்ட தபால் அட்டைகள் வந்தன. அடன், மார்செய், வாயில் நுழையாத வேறு ஊர்கள். பிறகு அவை நின்றுவிட்டன. கப்பல் கொம்பனிக்கு எழுதிக் கேட்டபோது, ஆள் வேறு கப்பலுக்கு மாறிவிட்டார், எந்தக் கப்பல் என்று தெரியாது என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு எந்தக் கப்பல் வந்தாலும் அண்ணர் பெயின்ற் வாளியோடு போய் மேல்தட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்குப் பார்க்கப் பொறுக்காது.

வருடங்கள் போயின. வெளிநாட்டுச் சாமான்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. இந்தியத் தட்டுகள் கடைகளில் அருகிப்போக, கொழும்பிலேயே தட்டுப் போடும் கொம்பனிகள் முளைத்தன. கிற்றாரும் ஓகனும் வைத்துப் பாடும் பொடியன்களின் சின்னத் தட்டுகள் தேநீர்க் கடைகளில் சுற்றத் தொடங்கின. அண்ணருக்குத் தலை நரைத்துவிட்டது. அந்த வேளையில்தான் அவரைத் தேடி இரண்டு கொம்பனிகள் ஒன்றாக வந்தன. எல்லாவற்றுக்கும் காரணம் இறால் வடைப் பாட்டு. துறைமுக வாசலில் தேநீர்க் கடை வைத்திருக்கும் கந்தப்புவின் இறால் வடையைக் கேலி செய்து அண்ணர் கட்டிய பாட்டு அது. வடையில் இறாலைத் தேடித் தேடிக் கண்ணாடி போட்டவனின் கதை. கலியாண வீடுகளில் அதைப் பாடாமல் எங்களைப் பந்தலை விட்டு இறங்கவிடமாட்டார்கள்.

சின்னக் கொம்பனி, றேடியோ திருத்தும் ஒருவர் கொழும்பில் தொடங்கியது. அவர் எங்கள் முழுச் செற்றையும் கேட்டார். நானாவின் ஆர்மோனியம், என் டோல்க்கி, எல்லாம் அப்படியே வரட்டும் என்றார். ஆனால் அவருடைய தட்டுகள் மட்டக்களப்பைத் தாண்டி விற்காது. பெரிய கொம்பனிக்கு அண்ணருடைய குரல் மட்டும் போதும். வாத்தியம் அவர்களுடையது, ஓகன் உட்பட. அவர்களுடைய தட்டுகள் சிங்கப்பூரில் விற்கும், லண்டனில் விற்கும், தமிழ் ஆட்கள் கால் வைக்கும் துறைமுகம் எல்லாம் விற்கும்.

பட்டறையில் கூடிப் பேசினோம். நான் சின்னக் கொம்பனி என்று ஒற்றைக்காலில் நின்றேன். நாங்கள் இல்லாமல் என்ன பாட்டு என்று சத்தம் போட்டேன். ஹமீது நானாதான் என்னை அடக்கினார். "கிளாக்கர் தம்பி, சும்மா இரிங்க. என்ட பெட்டி கப்பல் ஏறாது. நாயகத்தின்ட குரல் ஏறும். அது ஏறட்டும்." அண்ணர், "செபமாலை நிக்கிற இடத்துக்கு எது போகுமோ அதுதான் என்ர கொம்பனி," என்றார். முந்தித் தம்பிக்காக ஒரு கொம்பனியைத் திருப்பி அனுப்பியவர், இப்போது அதே தம்பிக்காக எங்களை விட்டுவிட்டுப் போகிறார். எனக்கு நெஞ்சு கொதித்தது. ஆனால் அவரோடு என்னத்தைச் சண்டை பிடிக்கிறது?

கொழும்புக்கு நானும் நானாவும் துணைக்குப் போனோம். குளிரூட்டிய ஸ்ரூடியோ, சுவரெல்லாம் சாக்கு மாதிரித் துணி. வாத்தியக்காரர்கள் நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்ல ஏலாது. ஓகன் சுருதி கொடுத்தது. அண்ணர் பாடத் தொடங்கினார். சேரவில்லை. மறுபடி கொடுத்தது. அண்ணர் வேறு எங்கேயோ நின்றார். அவருடைய நெற்றியில் வியர்வை துளிர்த்தது. இசையமைப்பாளர் எழுந்து வந்து மரியாதையோடு கேட்டார். "ஐயா, கோபிக்காதேங்கோ. நீங்கள் பாடுறது ரெண்டு கட்டைக்கும் நடுவில நிக்குது. இது எந்தச் சுருதி?" நானா பின்னால் இருந்து, "அது டொக்யாட் சுருதி மகன்," என்றார். ஸ்ரூடியோவே சிரித்தது. எங்களுக்கும் சிரிப்பு வந்தது. இத்தனை வருடமும் உலகத்தில் எந்த வாத்தியமும் வாசிக்காத ஒரு இடத்தில் நின்று நாங்கள் பாடியிருக்கிறோம் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஓகனின் சுருதியை மாற்ற முடியாது. அண்ணர் வெளியே போய் ஒரு பிளேன்ரீ குடித்தார். திரும்பி வந்து, ஓகனுக்குக் கிட்டப் போய்க் காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு ஒரே மூச்சில் பாடிமுடித்தார். ஒரு பிசகும் இல்லை. வாத்தியக்காரப் பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர் கும்பிட்டார். நானா மட்டும் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும்போது ரெயில் விடியக் காலமை சீனன்குடாவில் நின்றது. கடற்காற்று ஜன்னலால் வந்தது. "நல்லாய்த்தான் பாடினனான், என்ன கிளாக்கர்?" என்றார். "ஓம் அண்ணை, நல்லாய்ப் பாடினீங்கள்," என்றேன். "ஆனா எங்கட வீட்டுக் கதவைத் தட்டப் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டின மாதிரிக் கிடக்கு. செபமாலை கேட்டா, இது ஆரோ ஒரு ஆள் எண்டு நினைப்பானோ?" நானா பாணைப் பிய்த்து அவர் கையில் வைத்தார்.

தட்டு வந்தது. ஊர் கொண்டாடியது. கந்தப்பு தன் வடைக்குக் கிடைத்த விளம்பரத்தில் தலைகால் தெரியாமல் நின்றார். கடையில் நாள் முழுக்க அதே பாட்டுத்தான். அண்ணர் வேலை விட்டு வந்து மூலைக் கதிரையில் இருந்து கேட்பார். ஒரு நாள் தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னேரச் சங்கு ஊதியது. பாட்டு ஒரு பக்கம், சங்கு ஒரு பக்கம், பல்லுக் கூசியது. அண்ணர் எழுந்தார். போய், சுற்றுகிற தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் கடதாசியின் மேல் ஒரு விரலை மெல்ல வைத்தார். தட்டு சற்றே மெதுவாயிற்று. குரல் இறங்கி இறங்கி வந்து சங்கோடு போய்ச் சேர்ந்தது. அதுதான் எங்கள் அண்ணருடைய குரல். கந்தப்பு குசினிக்குள் இருந்து ஓடி வந்தார். "அண்ணை, என்ர பிளேயர் பழுதாப்போம்!" அண்ணர் விரலை எடுக்கவில்லை. "இப்ப சரி. இப்பிடிக் கேட்டா அவனுக்கு விளங்கும்," என்றார். பாட்டு முடிந்த பிறகு தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஆனா அங்க ஆர் விரல் வைக்கிறது, கிளாக்கர்?"

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. பின்னேரம் கடைக்கு வருவார், தட்டைப் போடச் சொல்வார், விரல் வைத்துக் கேட்பார். கந்தப்பு முணுமுணுப்பார், ஆனால் ஒரு நாளும் தடுக்கவில்லை. புதிதாகக் கடைக்கு வருகிறவர்கள் மனிசனுக்கு ஏதோ கழன்றுவிட்டது என்று தங்களுக்குள் கதைப்பார்கள். கதைக்கட்டும்.

பெரிய கொம்பனி இன்னொரு தட்டுக் கேட்டது. இந்தமுறை அண்ணர் மறுத்துவிட்டார். "போன தட்டுப் போய்ச் சேர்ந்திருந்தா இதுக்குள்ள ஒரு சொல் வந்திருக்கும். போற இடத்துக்குப் போகுது, ஆனா அவனுக்கு என்னைத் தெரியேல்லை," என்றார். மட்டக்களப்பைத் தாண்டாவிட்டாலும் எங்கள் சுருதியில் ஒரு தட்டாவது இருக்கட்டும் என்று சின்னக் கொம்பனிக்கு ஆள் அனுப்பினார். அந்த றேடியோக் கடைக்காரர் ஒலிப்பதிவுப் பெட்டியோடு திருகோணமலைக்கே வந்தார். நானாவின் பட்டறையில், நானாவின் ஆர்மோனியத்தோடு, எங்கள் சுருதியில் பாடினோம். என் வாழ்நாளில் அப்படி ஒரு பின்னேரம் வேறு இல்லை. தட்டு வரும் வரும் என்று பார்த்திருந்தோம். நாட்டில் இறக்குமதிக்குக் கதவு திறந்துவிட்டார்கள், கசெற் வந்து குவிந்தது. தட்டு வாங்க ஆள் இல்லை. றேடியோக் கடைக்காரரும் கசெற் பிரதி எடுக்கும் வியாபாரத்துக்கு மாறிவிட்டார். எங்கள் ஒலிநாடா எங்கே என்று நானே நேரில் போய்க் கேட்டேன். கதவு திறக்க முந்தின நாடாத் தட்டுப்பாட்டில் அதன் மேல் வேறு பாட்டை ஏற்றிவிட்டதாகச் சொன்னார். கடையென்றும் பார்க்காமல் அவரை வாயில் வந்தபடி ஏசிவிட்டு வந்தேன். அண்ணரிடம் சொன்னபோது அவர் என்னைத்தான் சமாதானப்படுத்தினார். "விடுங்கோ. அந்தாளும் பிள்ளைகுட்டிக்காரன்."

பிறகு நானாவின் மருமகன் சவூதியில் இருந்து ஒரு ரேப் றெக்கோடர் கொண்டுவந்தான். பித்தானை அமத்தினால் போதும், கொம்பனி எதற்கு, நாங்களே பதிவோம், ஒரு கசெற்றை ஒவ்வொரு கப்பலிலும் கொடுத்துவிடுவோம் என்று நான் துள்ளினேன். அண்ணருக்கு அப்போது இழுப்பு முற்றியிருந்தது. சங்கு ஊதியது. வாயைத் திறந்தார். சுருதியைப் பிடித்தார், உடனே விழுந்துவிட்டது. மறுபடி பிடித்தார், மறுபடி விழுந்தது. தன்னை அறியாமல் பக்கத்தில் கையை நீட்டித் தட்டினார். அங்கே ஒருவரும் இல்லை. கொஞ்ச நேரம் கை அப்படியே நின்றது. "நிப்பாட்டு மகன்," என்றார் நானாவின் மருமகனிடம். "இது தனிய ஒருத்தன் பிடிக்கிற சுருதி இல்லை. ரெண்டு பேர் வேணும்." நானா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வெளியே போய்விட்டேன்.

இனிச் சொல்லப்போவதுதான் உங்களில் பலருக்குத் தெரியாத பகுதி. போன மழைக்காலம் முடிந்த கையோடு ஒரு தேயிலைக் கப்பல் வந்தது. அதில் இருந்து தூத்துக்குடி மாலுமி ஒருவன் கந்தப்பு கடைக்கு வந்தான். நானும் அண்ணரும் மூலையில் இருந்தோம். தட்டு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணர் அன்றைக்கு எழும்ப முடியாதபடியால் விரல் வைக்கவில்லை. பையன் வடையைக் கடித்தபடி பாட்டோடு சேர்ந்து முணுமுணுத்தான். அவன் குரல் பாட்டோடு சேரவில்லை. நிறுத்தினான், மறுபடி தொடங்கினான். பிறகு கந்தப்புவைப் பார்த்து, "அண்ணாச்சி, உங்க மிஷின் வேகமா ஓடுது. இந்தப் பாட்டு இப்படி இருக்காதே," என்றான்.

கந்தப்புவுக்குச் சுர்ரென்று ஏறியது. "இந்தப் பாட்டே என்ர கடையைப் பற்றினது. எனக்குச் சொல்லித்தாறியோ?" என்றார். பையன் சிரித்தான். "இல்ல அண்ணாச்சி. எங்க பழைய கப்பல்ல ஒரு பண்டாரி இருந்தாரு, சமையக்காரரு. வயசானவரு, சிலோன்காரரு. இந்த ஒரு ரிக்கார்டுதான் வச்சிருந்தாரு. தெனமும் போடுவாரு. போட்டா சும்மா கேக்க மாட்டாரு, அது மேல ஒரு வெரல வச்சுக்கிட்டே நிப்பாரு. ஊசி போயிரும்னு நாங்க எல்லாம் திட்டுவோம்."

அண்ணர் மேசையைப் பிடித்துக்கொண்டு முன்னுக்குச் சாய்ந்தார். "தம்பி, அவர் எவ்வளவுக்கு மெதுவாக்குவார்? செய்து காட்டுங்கோ," என்றார். பையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கந்தப்பு ஊசியை எடுத்து முதலில் இருந்து வைத்தார். பையன் எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு விரலை வைத்தான். குரல் இறங்கியது. "இன்னும் கொஞ்சம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அழுத்தினான். "இதோ, இம்புட்டுதான்," என்றான்.

அதே இடம். மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சங்கின் இடம்.

அண்ணர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. பையன் பயந்து விரலை எடுக்கப் போனான். "எடுக்காத, எடுக்காத," என்று கந்தப்பு அழுதபடி சொன்னார். பாட்டு முடிந்த பிறகு பையனிடம் விசாரித்தோம். பண்டாரியின் பெயர் கேட்டால் எல்லோரும் பண்டாரி என்றுதான் கூப்பிடுவார்களாம். அந்தக் கப்பலை விற்றுவிட்டார்களாம், ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறிவிட்டார்களாம். ஏன் ஊருக்குப் போகவில்லை என்று இவன் ஒரு நாள் கேட்டபோது, போகலாம் போகலாம் என்று சொல்லிவிட்டு வெங்காயம் வெட்டப் போய்விட்டாராம். அதற்கு மேல் அவனுக்குத் தெரியாது. நான் இன்னும் துருவித் துருவிக் கேட்டேன். அண்ணர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "போதும் கிளாக்கர். அவனுக்கு விளங்கியிருக்கு. விரல் வைக்க ஆள் இருந்திருக்கு."

அதற்குப் பிறகு அவர் கப்பல் பார்க்கப் போகவில்லை. இழுப்பால் போக முடியவில்லையா, போகத் தேவையில்லை என்று நினைத்தாரா, நான் கேட்கவில்லை.

அடக்கத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பெட்டி மூடியிருந்தது. அண்ணரின் மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், என்னைக் கண்டதும், "உங்கட அண்ணர் பாடாமல் படுத்திருக்கிறார் பாருங்கோ," என்று கதறினார். ஊர்வலம் கந்தப்பு கடையைக் கடக்கும்போது கந்தப்பு பொறுக்கமாட்டாமல் தட்டைப் போட்டுவிட்டார். இறால் வடைப் பாட்டு! முன்னால் செபம் சொல்லிப் போன சுவாமியார் திரும்பிப் பார்த்தார், சனம் முகம் சுளித்தது. அந்த நேரம் பின்னேரச் சங்கு ஊதியது. இரண்டும் சேராமல் இழுபட்டன. ஹமீது நானா, கண் மங்கிப் பொல்லூன்றி நடக்கிற மனிசன், ஊர்வலத்தை விட்டு விலகிக் கடைக்குள் போனார். தடவித் தடவிப் பிளேயரைக் கண்டுபிடித்து விரலை வைத்தார். அண்ணரின் குரல் இறங்கி வந்து சங்குக்குள் போய் இருந்தது. தூக்கினவர்கள் நின்றுவிட்டார்கள். சங்கு நின்றது, குரல் நிற்கவில்லை. பாட்டு முடியும்வரை ஒருவரும் நடக்கவில்லை. சுவாமியாரும்தான்.

அந்தத் தட்டைக் கந்தப்பு நானாவுக்குக் கொடுக்க, நானா என்னிடம் தந்துவிட்டார். "எனக்குக் கண் தெரியாது, நீங்க வைங்க," என்றார். இப்போது அது என் மேசையில் இருக்கிறது. நடுக் கடதாசியில் விரல் பட்டுப் பட்டு ஒரு வெள்ளை வளையம் விழுந்திருக்கிறது. கொம்பனியின் பெயர் இருந்த இடம் முழுக்க அழிந்து போயிற்று. துவாரத்துக்குக் கிட்ட 'மரியநாயகம்' என்பது மட்டும் மிச்சம். அண்ணரிடம் இருந்து எனக்குக் கிடைத்தது இது ஒன்றுதான். இதைப் போட்டு நானும் விரல் வைக்கிறேன். திரியாய்க்குச் சங்கு கேட்காது, ஆனால் அந்த இடம் எனக்குத் தெரியும். கிழட்டு விரல் நடுங்குகிறது, குரலும் ஆடுகிறது. அண்ணர் இருந்தால் ஏசுவார்.

செபமாலைக்குச் சேதி சொல்ல எங்களிடம் விலாசம் இல்லை. இந்த எழுத்து அவன் கண்ணில் படும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. எந்தக் கடலிலோ, எந்தக் கப்பலின் குசினியிலோ, வேலை முடித்துக் கையைத் துடைத்துவிட்டு அவன் தட்டைப் போடுவான், விரலை வைப்பான், அண்ணன் வந்து நிற்பான். அந்தக் கப்பலில் மரியநாயகம் அண்ணர் இன்னும் மோசம் போகவில்லை.